மஞ்சள் போகவில்லை

அன்று காலை முழுக்க நான் ஒரு கம்ப்யூட்டரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் பக்கத்துத் தெருவில் என் அண்ணன் மகளின் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அந்தப் பாழாய்ப்போன பெட்டியை எட்டி உதைத்துவிட்டு ஓடியிருப்பேன்.

முதலில் எங்கள் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பச்சைக் குழந்தைகளைப் படம் எடுப்பவன். பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் மட்டும்தான். தலை நின்றுவிட்டால்கூட எங்களுக்கு வேண்டாம், வேறு ஸ்டூடியோவைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவான். அவன் எடுக்கும் படங்களைச் சரிசெய்பவள் நான்.

பச்சைக் குழந்தை நிஜத்தில் எப்படி இருக்கும் என்று பெற்றவர்களுக்கே மறந்துபோய்விடுகிறது. தோல் உரிந்திருக்கும், முகமெல்லாம் பொரிப்பொரியாக இருக்கும், கால் நீலம் பாய்ந்திருக்கும், காது ஒரு நிறம் கன்னம் ஒரு நிறமாக இருக்கும். அப்படியே கொடுத்தால் 'இது எங்க பிள்ளையே இல்லையே' என்பார்கள். அதனால் நான் ஒரு செட்டிங் செய்து வைத்திருந்தேன். அதற்கு 'ரோஜா' என்று பெயர். கேமராவிலிருந்து படம் கம்ப்யூட்டரில் இறங்கும்போதே ரோஜா தானாக அதன்மேல் ஏறிவிடும். தோலில் இருக்கும் மஞ்சளை உறிஞ்சிவிடும், சிவப்பைச் சிட்டிகை அளவு ஏற்றும், கண்ணின் வெள்ளையை வெளுக்கும். மாநிறமோ சிவப்போ, எந்தக் குழந்தையும் என் கண்ணில் படும் முன்பே குளித்துப் பூச்சூடிக்கொண்டுதான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஊரில் மற்ற ஸ்டூடியோக்காரர்கள் அந்த நிறம் எப்படி வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வதாகக் கேள்வி.

அண்ணனுக்கே குழந்தை பிறந்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் கால் தரையில் படவில்லை. கையளவுதான் இருந்தாள். நான் எலிக்குட்டி என்று கூப்பிட்டேன், அதுவே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே அண்ணன் நாலைந்து படம் எடுத்துக் கொடுத்தான். அன்று சாயங்காலம் அண்ணி போன் செய்தாள்.

"ஏன்டி, இவ கொஞ்சம் மஞ்சளா தெரியுறாளா? உங்க அண்ணன்கிட்ட கேட்டா பல்பு வெளிச்சம்ங்கிறாரு."

"அண்ணி, உங்க ரூம்ல திரைச்சீலையே ஆரஞ்சு கலரு. அதுக்குள்ள யாரு போனாலும் மஞ்சளாதான் தெரிவாங்க. இருங்க, போட்டோ அனுப்புறேன், பாருங்க எப்படி இருக்கான்னு."

அனுப்பினேன். ரோஜா நிறத்தில் ஜொலித்தாள். அண்ணி போட்டோவுக்கு முத்தம் கொடுத்து ஒரு குரல்செய்தி அனுப்பினாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று.

அதற்கு இரண்டு நாள் கழித்து அண்ணன் வீட்டிலேயே நிறையப் படங்களாகப் பெரிய செட் ஒன்று எடுத்தான். அதில் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஸ்டூடியோ வாசலில் மாட்டப்போவதாகச் சொன்னான். "எத்தனை குழந்தைங்களை எடுத்திருக்கேன், இவளை மாதிரி ஒரு பிள்ளையைப் பாத்ததில்ல. கையை மடக்குனா மடக்குன மாதிரியே தூங்குறா. புரட்டிப் போட்டாலும் முழிக்கல. பொறக்கும்போதே தொழில் தெரிஞ்சு பொறந்திருக்கா" என்று மார்தட்டிக்கொண்டான். எங்கள் தொழிலில் தூங்கும் குழந்தைதான் தங்கம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் காலை அண்ணன் மெமரி கார்டை என் மேசையில் வைத்துவிட்டு வேறொரு வீட்டுக்குப் படம் எடுக்கப் போய்விட்டான். மதியம் பிரிண்ட்காரரின் வண்டி வரும், அதற்குள் படம் தயாராக இருக்க வேண்டும். நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். போட்டோ சாஃப்ட்வேர் முந்தின நாள் அப்டேட் கேட்டது, நானும் சரி என்று அமுக்கியிருந்தேன். திறந்ததும் தூக்கிவாரிப்போட்டது.

பழைய வாடிக்கையாளரின் குழந்தை ஒன்று திரையில் வந்தது. அதன் நெற்றியில் கறுப்புக் கட்டம். பிரஷ்ஷை எடுத்துத் தடவினேன், தடவிய இடமெல்லாம் பச்சை வரிவரியாகக் கிழிந்தது. பெரிதாக்கினால் பாதி முகம் மறைந்தது. பிறகு, படத்தைத் திரையில் காட்டும் 'கிராஃபிக்ஸ் கார்டில் சிக்கல்' என்று ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டு சாஃப்ட்வேரே மூடிக்கொண்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரீஸ்டார்ட்டுக்குப் போன் போட்டேன்.

ரீஸ்டார்ட் என்பது எங்கள் கம்ப்யூட்டர் மெக்கானிக். என்ன கோளாறு சொன்னாலும் முதலில் "ரீஸ்டார்ட் பண்ணீங்களா?" என்றுதான் கேட்பார். அதனால் அந்தப் பெயர். முகத்துக்கு நேரே சார் என்றுதான் கூப்பிடுவேன். அன்றும் கதவைத் தாண்டி உள்ளே வருவதற்குள்ளேயே கேட்டுவிட்டார்.

"ரீஸ்டார்ட்..."

"பண்ணிட்டேன் சார். அதுக்கு மேல ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாஃப்ட்வேரின் செட்டிங்குகளுக்குள் போய், கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்து என்று இருந்த இடத்தில் டிக்கை எடுத்தார். கறுப்புக் கட்டம் போய்விட்டது. ஆனால் ஒரு பிரஷ் கோடு நகர்வதற்குள் ஒரு தூக்கம் போடலாம் போலிருந்தது.

"அப்ப கார்டுதான் தகராறு. சாஃப்ட்வேர் புதுசு, கார்டை ஓட்டுற டிரைவர் புரோகிராம் பழசு. ரெண்டுக்கும் ஒத்துப்போகல" என்றார். "டிரைவரைச் சுத்தமா வழிச்சுத் தூக்கிட்டு புதுசு போடணும். மேல மேல போட்டா பழைய சனியன் உள்ளயே உக்காந்திருக்கும்."

"மதியத்துக்குள்ள முடியுமா?"

"முடியும். நீங்க தோள் மேல நின்னு மூச்சு விடாம இருந்தா."

பழையதை நீக்கினார், புதியதைப் போட்டார். பிறகு சாஃப்ட்வேரைத் திறக்கும்போதே மூன்று பட்டன்களைச் சேர்த்து அமுக்கிப் பிடித்து, அதன் செட்டிங்குகள் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிய நாளில் இருந்தது போல ஆக்கினார். அமுக்குவதற்கு முன்னால், "உங்க செட்டிங் எல்லாம் போயிடும், ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கேன், கவலைப்படாதீங்க" என்று சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

பழைய படங்களைத் திறந்தார். கட்டம் இல்லை, கிழிசல் இல்லை. பிரஷ் வழுக்கிக்கொண்டு போயிற்று. எனக்குப் போன உயிர் வந்தது. அவசர அவசரமாக அண்ணனின் மெமரி கார்டைச் செருகி எலிக்குட்டியின் படங்களை இறக்கினேன்.

மஞ்சள்.

நெற்றி, கன்னம், வயிறு, தொடை, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன சார் இது? கட்டம் போய் இப்ப கலர் போச்சா? இதுக்குப் பழைய கோளாறே தேவலையே!"

ரீஸ்டார்ட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பழைய படத்தைத் திறந்தார், நன்றாக இருந்தது. எலிக்குட்டியைத் திறந்தார், மஞ்சள். கிராஃபிக்ஸ் கார்டை அணைத்துவிட்டுப் பார்த்தார், அதே மஞ்சள். திரும்பப் போட்டார், அதேதான். தன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, மெமரி கார்டிலிருந்த படங்களை அதில் ஏற்றி, அதே படத்தைத் திறந்தார். அங்கேயும் அதேதான்.

"மேடம், கார்டு இருந்தாலும் மஞ்சள், இல்லேன்னாலும் மஞ்சள், வேற மெஷின்லயும் மஞ்சள். அப்ப கார்டு மேல பழி போடாதீங்க. உங்க படத்துலயே அப்படித்தான் இருக்கு."

"எங்க அண்ணன் இருபது வருஷமா படம் எடுக்கிறான். அவனுக்குக் கலர் தெரியாதா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் அவர் எடுத்த படத்தைப் பாக்கவா வந்தேன், பெட்டியைப் பாக்க வந்தேன்."

சரி, ரூம் வெளிச்சம்தான் என்று நினைத்தேன். ஆரஞ்சுத் திரைச்சீலை. அதற்கு எங்களிடம் மருந்து உண்டு. அண்ணன் எங்கே படம் எடுத்தாலும் முதல் படத்தில் குழந்தையின் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து எடுப்பான். அந்த அட்டையில் எந்த நிறமும் கிடையாது, வெறும் சாம்பல். அறை வெளிச்சம் மஞ்சளாக இருந்தால் அட்டையும் மஞ்சளாகத் தெரியும். நான் அட்டையின்மேல் ஒரு கிளிக் செய்தால், 'இது சாம்பல்' என்று சாஃப்ட்வேர் புரிந்துகொண்டு மொத்தப் படத்திலிருந்தும் அறையின் மஞ்சளைக் கழித்துவிடும். தினமும் செய்கிற வேலைதான்.

அட்டையைக் கிளிக் செய்தேன்.

படுக்கை விரிப்பு பளிச்சென்று வெள்ளையானது. பக்கத்தில் கிடந்த துண்டு வெள்ளையானது. அட்டை சுத்தமான சாம்பலாக மாறியது. குழந்தை மாறவில்லை. வெள்ளை விரிப்பின் நடுவே இன்னும் மஞ்சளாகத் தெரிந்தாள்.

மறுபடி கிளிக் செய்தேன். இன்னொரு இடத்தில் கிளிக் செய்தேன். அட்டையின்மேல் அம்பைக் கொண்டுபோய் எண்களைப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றுபோல நின்றன. வெளிச்சத்தில் தப்பே இல்லை. அடுத்தடுத்த படங்களைத் தள்ளினேன். ஒன்றில் எலிக்குட்டி ஒரு கண்ணைக் கால்வாசி திறந்திருந்தாள். பெரிதாக்கினேன். வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

அப்போதுதான் ரீஸ்டார்ட் முன்பு சொன்னது மண்டையில் ஏறியது. உங்க செட்டிங் எல்லாம் போயிடும். ரோஜா போய்விட்டது. பழைய படங்களில் அது முன்பே ஏறியிருந்ததால் அவை மட்டும் நன்றாகத் தெரிந்தன. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு குழந்தை ரோஜா இல்லாமல் என் முன்னால் வந்திருக்கிறது.

முந்தின செட்டைத் தேடினேன், அண்ணிக்கு அனுப்பினேனே, அந்தப் படங்கள். அவற்றின்மேல் ஏறியிருந்த ரோஜாவை எடுத்துவிட்டேன். முகம் மஞ்சள், கழுத்து மஞ்சள், நெஞ்சு வரைக்கும் மஞ்சள், கால் மட்டும் நல்ல நிறம். அன்று நெஞ்சுவரை இருந்தது, இப்போது உள்ளங்காலுக்கு வந்துவிட்டது. அண்ணி கேட்டாள். பெற்றவளின் கண்ணில் பட்டிருக்கிறது. நான் சாயம் அடித்து அனுப்பி அவள் வாயை அடைத்திருக்கிறேன்.

"மேடம், என்ன ஆச்சு? ஏன் இப்படி வேர்க்குது?" என்றார் ரீஸ்டார்ட்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தான். குழந்தைகள் தூங்கும் வீட்டுக்குப் போனால் போனை அணைத்துவிடுவது அவன் வழக்கம். அண்ணிக்குப் போட்டேன். உடனே எடுத்தாள்.

"அண்ணி, எலிக்குட்டி என்ன பண்றா?"

"தூங்குறா. நேத்திலேருந்து ஒரே தூக்கம்தான். பால் குடிக்கிறதுக்குக்கூட எழுந்திரிக்க மாட்டேங்கிறா, அவ்வளவு சமத்து. படம் வந்துருச்சா?"

"எழுப்புங்க."

"ஏன்டி?"

"எழுப்புங்க அண்ணி. இப்பவே. திரைச்சீலையைத் திறந்துட்டு எழுப்புங்க."

திரைச்சீலை வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணி குழந்தையைக் கொஞ்சும் குரல். கொஞ்சல் மெல்ல மெல்லப் பதற்றமாக மாறியது. "ஏய், குட்டி... குட்டிம்மா... இங்க பாரு..." பாதத்தைத் தட்டும் சத்தம். அழுகை வரவில்லை.

"கண்ணைத் திறக்க மாட்டேங்கிறாடி" என்றாள் அண்ணி. "கழுத்து தொங்குது. ஐயோ, இவ என்ன இப்படி இருக்கா? வெளிச்சத்துல என்னடி இப்படி இருக்கா!"

நான் அதற்குள் படிக்கட்டில் இருந்தேன். எப்படி எழுந்தேன், எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. ரீஸ்டார்ட் பின்னாலேயே தன் லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவருடைய வேனில் நிறைய கேபிள்களும் பழைய மானிட்டர்களும் கிடந்தன. அண்ணன் வீட்டுக்குப் போய் அண்ணியையும் குழந்தையையும் அவற்றின் நடுவே ஏற்றிக்கொண்டு போனோம். அண்ணி குழந்தையின் வாயருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டர், வயதில் என்னைவிட இளையவள், எலிக்குட்டியின் துணியை விலக்கினாள். நெற்றியில் விரலால் அழுத்தி எடுத்தாள். நெஞ்சில் அழுத்தினாள். கடைசியாக உள்ளங்காலில் அழுத்தினாள். நர்ஸைக் கூப்பிட்டு வேகவேகமாக ஏதோ சொன்னாள். ரத்தம் எடுக்கக் காலில் ஊசி குத்தியபோது எலிக்குட்டி முகத்தை மட்டும் சுளித்தாள், அழவில்லை.

"மஞ்சக் காமாலை, ரொம்ப ஏறியிருக்கு. அதான் இப்படி மயக்கமா கிடக்கா. எப்ப இருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டாள் டாக்டர்.

அண்ணி விழித்தாள். "தெரியல டாக்டர். ரூம்ல வெளிச்சம் கம்மி..."

"போட்டோ ஏதாவது இருக்கா? எந்த நாள்ல எவ்வளவு இருந்துச்சுன்னு பாக்கணும். எவ்வளவு வேகமா ஏறுதுன்னு தெரிஞ்சா எனக்கு முடிவெடுக்க ஈசியா இருக்கும்."

அண்ணிக்கு அந்த நேரத்திலும் ஒரு சின்னத் தெம்பு வந்தது. போனைத் திறந்து நீட்டினாள். டாக்டர் படத்தைப் பார்த்தாள். மேசையில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"இது மூத்த குழந்தையா? நான் இந்தப் பாப்பாவோட போட்டோ கேட்டேம்மா."

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. அண்ணி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"டாக்டர், என்கிட்ட ஒரிஜினல் இருக்கு" என்றேன். ரீஸ்டார்ட்டின் லேப்டாப்பில் புதிய செட் இருந்தது. பழைய செட்டுக்கு அவரே ஸ்டூடியோவுக்குப் பறந்து போய் எடுத்துவந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், எதுவும் பூசாமல், சாம்பல் அட்டையோடு. டாக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா நீல லைட்டுல வச்சே சரி பண்ணியிருக்கலாம்" என்றாள். "இப்ப விளிம்புல இருக்கு. லைட்டு வைக்கிறோம். குறையலேன்னா ரத்தம் மாத்தணும், அதுக்கும் ரெடி பண்ணச் சொல்லிட்டேன். மூளையைத் தொட்டுடக் கூடாது, அதான் பயம்."

எலிக்குட்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்து, கண்களைக் கட்டி, நீல விளக்கைப் போட்டார்கள். நான் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றேன். நிறம் பார்த்தே பிழைக்கிறவள் நான். அந்த நீல வெளிச்சத்தில் அவள் என்ன நிறம், குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று என்னால் சொல்லவே முடியவில்லை. நர்ஸிடம் கேட்டேன். "கண்ணால பாத்துச் சொல்லக் கூடாதுங்க, ரத்தத்துலதான் தெரியும்" என்றார்.

அண்ணன் பிற்பகலில் வந்து சேர்ந்தான், தோளில் கேமராப் பையோடு. கண்ணாடிக்கு அப்பால் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். "சமத்தா தூங்குறான்னேனே" என்றான். "புரட்டிப் போட்டாலும் முழிக்கலேன்னு பெருமையா சொன்னேனே." அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். நான் அவன் தோளிலிருந்து பையைக் கழற்றி ஒரு ஓரமாக வைத்தேன்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனையில் காமாலை அளவு அப்படியே நின்றது. ரத்தம் மாற்றுவதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவதில் இறங்க ஆரம்பித்தது. டாக்டர் வெளியே வந்து, "ரத்தம் மாத்த வேண்டாம். பொழச்சுக்குவா. இந்தக் காமாலை காதையும் பாதிக்கலாம், அதனால காது நல்லா கேக்குதான்னு அப்புறமா டெஸ்ட் பண்ணணும், கட்டாயம் வரணும்" என்றாள். அண்ணன் அவளைக் கும்பிட்டான்.

அப்போது ரீஸ்டார்ட் போன் செய்தார். முதலில் குழந்தையைப் பற்றி விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "உங்க பழைய செட்டிங் காப்பி என்கிட்டதான் இருக்கு. வந்து போட்டுக் கொடுத்துட்டுப் போகவா?" என்று கேட்டார்.

"வேணாம் சார். அழிச்சிடுங்க" என்றேன்.

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையில் போன் இருந்தது, அதில் அந்த ரோஜா நிறப் படம் இன்னும் திறந்தபடியே இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சுச்சுடி" என்றாள், படத்தைப் பார்த்துக்கொண்டே. "ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் மஞ்சளாதான் தெரிஞ்சா. உடனே இதை எடுத்துப் பாப்பேன். இதுல நல்லா இருப்பா. சரி, புள்ள பெத்த அசதி, என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டேன்."

உள்ளே எலிக்குட்டி அழ ஆரம்பித்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் இப்படித் தொண்டை கிழிய அழுது நாங்கள் கேட்டதே இல்லை. அண்ணி போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து ஓடினாள்.